நத்தையின் சட்டையில் சிவப்பு அட்டை

அன்புள்ள மாப்பிள்ளைக்கும், குழாய்ப் பாதைத் திட்டத்தின் வெல்டிங் பரிசோதனைப் பொறுப்பாளர் அவர்களுக்கும் (இரண்டு பேரும் நீங்களே என்பதால் ஒரே கடிதமாக எழுதிவிடுகிறேன்),

மாமனார் எழுதிக்கொள்வது. நான் நலம். என்னுடைய எல்லா அளவுகளும் வரம்புக்குள்தான் இருக்கின்றன. உங்கள் அத்தை நலம். என் மகளும் நலம். வயிறு நன்றாக இறங்கிவிட்டது, இனி எந்த நேரமும் வலி எடுக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். "அவர் எப்பப்பா வருவாரு?" என்று தினமும் என்னிடம்தான் கேட்கிறாள். எங்கள் கம்பெனியின் கதிர்வீச்சுப் பெட்டி வந்து சேராமல் நீங்கள் குழாய்களின் வெல்டிங்கைப் படம் பிடிக்க முடியாது, படம் பிடிக்காமல் பள்ளத்தை மூட முடியாது, பள்ளத்தை மூடாமல் உங்களுக்கு லீவு கிடையாது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அந்தப் பெட்டியைப் பிடித்து வைத்திருப்பவன் அவளைப் பெற்ற அப்பன்தான் என்பது மட்டும் தெரியாது. தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

ஒரு பெட்டியை நிறுத்தி வைத்தால், நிறுத்தியவனே வாடிக்கையாளருக்குக் காரணத்தை எழுதித் தர வேண்டும் என்பது எங்கள் கம்பெனி விதி. போனிலும் சொல்லலாம்தான், ஆனால் உங்கள் பள்ளத்துக்குள் சிக்னல் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நான் சொல்லி முடிப்பதற்குள் "சரிங்க மாமா, பெட்டி எப்ப வரும்?" என்று கேட்டுவிடுவீர்கள். என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ரிட்டயர் ஆகும்வரை பிஸ்கட் கம்பெனியில் தரப் பரிசோதகனாக இருந்தவன். பிஸ்கட் உடைந்திருந்தால் உடைந்திருக்கிறது என்று கண் சொல்லும், நமத்திருந்தால் பல் சொல்லும். வீட்டில் சும்மா உட்கார்ந்து உங்கள் அத்தை வைக்கும் உப்பின் அளவைத் தரப் பரிசோதனை செய்துகொண்டிருந்தவனை, "மாமா, தரம்னா எல்லா இடத்துலயும் தரம்தான்" என்று நீங்கள்தான் இங்கே சேர்த்துவிட்டீர்கள். இங்கே பெட்டிக்குள் இருப்பதோ கதிர்வீச்சு விடும் பட்டாணி அளவு உலோகத் துண்டு. அதன் கதிர் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, துண்டைப் பல்லில் வைத்துப் பார்க்கவும் கூடாது. மீட்டர் என்ன சொல்கிறதோ அதுதான் வேதம்.

நேற்றுவரை ஒரு குழப்பமும் இல்லை. அந்தப் பட்டாணி ஒரு கனத்த உலோகக் கூட்டுக்குள் இருக்கும், கூடு இரும்பு டிரம்முக்குள் இருக்கும் (நாம் பெட்டி என்பது இந்த டிரம்மைத்தான்), டிரம்மின் போல்ட்டுகளைப் பேக்கிங் அம்மா முறுக்கி முத்திரை வைப்பார். பிறகு ஒருவர் மீட்டரால் அளக்க வேண்டும், இன்னொருவர் திரும்ப அளந்து சரிபார்க்க வேண்டும். டிரம்மை ஒட்டி ஒரு அளவு, ஒரு மீட்டர் தள்ளி ஒரு அளவு. தள்ளி எடுத்ததைத்தான் மஞ்சள் லேபிளில் எழுதுவோம். கடைசியாக ஒரு தாளால் டிரம்மைத் துடைத்து, அந்தத் தாளையும் ஒரு கருவிக்குள் வைத்துப் பார்ப்போம், மேலே ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று. இன்று காலை நான் மூக்குக் கண்ணாடி மாற்றக் கடைக்குப் போயிருந்தேன், அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வேலைக்கு வந்தேன். வரும்போது பேக்கிங் அம்மா அளந்து முடித்துக் கைகழுவிக்கொண்டிருந்தார். எல்லாம் வழக்கமான அளவு. நான் சரிபார்க்க மீட்டரைக் கையில் எடுத்தேன், பாருங்கள், டிரம்முக்குப் பக்கத்தில் போவதற்கு முன்பே அது கிர்ர்ரென்று கத்த ஆரம்பித்தது, முள் அந்தக் கோடிக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது. பேக்கிங் அம்மா என்னை மஞ்சள் கோட்டுக்கு அப்பால் நிற்கச் சொல்லிவிட்டு மீட்டரை வாங்கிப் பார்த்தார், அது பூனைக்குட்டி போல அடங்கிவிட்டது. நான் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன், திரும்பவும் கத்தியது. "என்ன சார், நீங்க வந்தா மட்டும் அழுவுது?" என்றார். "நான் உன்னிப்பா பாக்குறேன்மா, அதான்" என்றேன். வேறு மீட்டர் கொண்டுவரச் சொன்னேன். அதுவும் அதே கதை. மூன்றாவது மீட்டர் போன வாரம்தான் சோதனைச் சாலையிலிருந்து சான்றிதழோடு வந்தது, அது இருப்பதிலேயே உரக்கக் கத்தியது.

பிஸ்கட்டில் ஒரு டின் கெட்டால் அந்த வரிசை முழுவதையும் பிரித்துப் பார்ப்போம். அந்தப் பழக்கத்தில் டிரம்மைப் பிரிக்கச் சொன்னேன், திரும்ப அடைக்கச் சொன்னேன், திரும்பப் பிரிக்கச் சொன்னேன். பேக்கிங் அம்மா முறுக்கிய முறுக்கில் அவர் கை வீங்கிப்போய் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே, அதற்கு மீட்டர் கிடையாது. இதில் என் தலை சுற்றியது எங்கே என்றால், துடைத்த தாள்கள் எல்லாம் சுத்தம், துளி அழுக்கு இல்லை. ஒட்டியிருந்தால் தாளில் வர வேண்டும், வரவில்லை. ஒட்டவில்லை என்றால் மீட்டர் கத்தக் கூடாது, கத்துகிறது. சரி, சுற்றுப்புறத்தைப் பார்ப்போம் என்று அளந்தேன். மேசை கத்தியது. நாற்காலி கத்தியது. சுவர்க் கடிகாரம் கத்தியது. டீ வைத்திருந்த தட்டு கத்தியது, அந்த டீயை அப்போதுதான் குடித்திருந்தேன், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பெட்டியை ஏற்ற நின்ற லாரியின் டயர் மட்டும் கொஞ்சம் பரவாயில்லை, குனிய முடியாமல் கையை நீட்டிப் பிடித்தேன், சத்தம் குறைந்தது. டயரை மட்டும் யாரோ நன்றாகக் கழுவியிருக்கிறார்கள் என்று மனத்துக்குள் பாராட்டினேன். பிறகு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, மீட்டரை மடியில் வைத்தேன். ஐயோ மாப்பிள்ளை, அது போட்ட கூச்சலில் நான் கதவைத் திறக்க மறந்து ஜன்னல் வழியாக இறங்கப் பார்த்தேன்.

டிரைவரை உங்களுக்குத் தெரியும், உங்கள் இடத்துக்கு எப்போதும் பெட்டி கொண்டுவருபவர்தான். மாட்டு வண்டிக்கும் வழிவிட்டு ஓட்டுவதால் நத்தை என்று பேர். அவர் சீட்டில் அளவு உச்சம் என்றால் சந்தேகம் யார்மேல் வரும்? அவரைப் பக்கத்தில் நிறுத்தி அளந்தேன், கத்தியது. சந்தேகப்பட்ட எதன்மேலும் சிவப்பு அட்டை தொங்கவிட வேண்டும் என்பது விதி. அவர் பொருள் அல்ல, மனிதர், எனக்கும் தெரியும். ஆனால் மனிதருக்கென்று தனி அட்டை எங்களிடம் இல்லையே. சட்டைப் பொத்தானில் மாட்டினேன். "அசையக் கூடாது, அனுப்பக் கூடாது" என்று அதில் அச்சடித்திருக்கிறது. அவர் குனிந்து அதைப் படித்தார். "இத்தனை வருஷம் வண்டியில ஒரு கீறல் விழுந்ததில்ல சார். இப்ப என் மேலயே மாட்டிட்டீங்களே" என்றார். அவரைக் குளிக்க அனுப்பி, சட்டையைப் பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தார்கள். கம்பெனி கொடுத்த மாற்றுச் சட்டை அவருக்குத் தொப்புள்வரைதான் வந்தது. அதிலும் அட்டையை மாட்டினேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

எங்கள் பாதுகாப்பு அதிகாரி மேடம் வெளியே ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தவர், விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தார். நத்தையைத் தனி அறையில் வைத்து அளந்தார், ஒன்றுமில்லை. "குளிச்சதும் போயிருக்கும் மேடம்" என்றேன், சொல்லிக்கொண்டே உள்ளே போனேன், மீட்டர் மறுபடி கத்தியது. மேடம் மீட்டரைப் பார்த்தார், நத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சம்பந்தா சம்பந்தமே இல்லாமல், "சார், காலையில எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டார். ஊரே பற்றி எரியும்போது கேட்கிற கேள்வியா இது? "கண்ணாடிக் கடைக்கு" என்றேன். "ஆஸ்பத்திரிக்கு ஏதாவது?" என்றார். "நான் எதுக்கு மேடம் ஆஸ்பத்திரிக்குப் போறேன்?" என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன். "உங்களையும் ஒரு தடவை அளந்துடவா?" என்றார். "மேடம், நான் அளக்குறவன். அளக்குறவனை அளக்கணும்னு செயல்முறையில எங்கயும் இல்லை" என்று சொல்லிவிட்டு, மரியாதைக்காகப் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டேன். அதற்குள் அவருக்கு மேலிடத்திலிருந்து போன். முடிவாகச் சொன்னது இதுதான்: காரணம் தெரியும்வரை பெட்டி போகாது, லாரி போகாது, நத்தை வேலைக்கு வர வேண்டாம். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, அந்தக் குட்டைச் சட்டையோடு, கேட் பக்கம் போனார்.

ஆகவே மாப்பிள்ளை, பெட்டியை நிறுத்தியதற்குக் காரணம்: தெரியவில்லை. குற்றம் நத்தையுடையதாக இருக்கலாம், லாரியுடையதாக இருக்கலாம், டீத் தட்டுடையதாகக்கூட இருக்கலாம். என் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். பள்ளத்தில் ஓரமாக நடக்காதீர்கள், தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். குழந்தையும் நீங்களும் ஒரே நாளில் வீடு வந்து சேர என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாமனார்,
தரப் பரிசோதகர் (அனுப்பும் பிரிவு)

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடும்போது ஒரு போன் வந்தது. கண்ணாடிக் கடையிலிருந்து அல்ல. நான் கண்ணாடிக் கடைக்கே போகவில்லை. கொஞ்ச நாளாக மாடிப்படி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது. பிள்ளை பெறப்போகிறவளிடம் இதைச் சொல்வானேன் என்று யாருக்கும் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையில் ஊசி வழியாக ஏதோ மருந்து ஏற்றினார்கள், ஒரு கேமராவுக்கு அடியில் படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள். மருந்தென்றால் மருந்து, நான் என்ன கண்டேன்? போன் செய்தது அங்கே இருக்கும் நர்ஸ்: "சார், காலையில சொல்ல விட்டுப்போச்சு. உங்களுக்கு ஏத்தினது கதிர்வீச்சு மருந்து. பயப்படாதீங்க, நாளைக்குள்ள தானா அடங்கிடும். இன்னைக்கு மட்டும் கைக்குழந்தைங்க, கர்ப்பமா இருக்கிறவங்க பக்கத்துல உக்காராதீங்க." அப்படியே ஆடிப்போனேன். மீட்டரை எடுத்து என் நெஞ்சில் வைத்தேன். அதற்குமேல் எழுத வேண்டுமா?

மேடமிடம் ஓடிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என்னை மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கவைத்துவிட்டு அவரும் பேக்கிங் அம்மாவும் அளந்தார்கள், டிரம், லாரி, டீத் தட்டு எல்லாம் சொக்கத் தங்கம். நத்தையை ஆள் அனுப்பிக் கூப்பிட்டோம். மன்னிப்புக் கேட்கப் போனவனை, "கிட்ட வராதீங்க சார், அங்கேருந்தே சொல்லுங்க" என்று நிறுத்திவிட்டுச் சிரித்தார். தன் பொத்தானில் இருந்த அட்டையைக் கழற்றி எனக்குத் தூக்கிப் போட்டார். இப்போது அது என் சட்டையில் தொங்குகிறது. லாரி கிளம்புகிறது, இந்தக் கடிதமும் பெட்டியோடு வருகிறது, வேலையை முடித்துவிட்டு ஓடி வாருங்கள். நான் இன்று வீட்டுக்குப் போகப்போவதில்லை, ஆபீஸ் பெஞ்சில்தான் படுக்கை. "ஏன்பா வரல?" என்று மகள் போனில் கேட்டாள். "பெட்டியை அனுப்புற வேலைம்மா" என்றேன், அது பொய்யில்லை.

நர்ஸ் இன்னொன்றும் சொன்னார். படம் நன்றாக வந்திருக்கிறதாம். படத்தில் இருப்பதுதான் நன்றாக இல்லையாம். வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். நீங்கள் வந்ததும் ஒரு நடை என்கூட வருவீர்களா? அவளிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம். கடிதத்தின் தொடக்கத்தில் நான் நலம் என்று எழுதியிருக்கிறேன் அல்லவா மாப்பிள்ளை, இன்று முழுவதும் நான் அளந்து பார்க்காமல் எழுதிய ஒரே வரி அதுதான்.