சுத்தமான பெட்ரோல்

திருவண்ணாமலை,
9-7-1985

அன்புள்ள தம்பி கோதண்டராமனுக்கு,

அக்கா ராஜம்மாள் எழுதுவது. உனக்கும் வீட்டில் அனைவருக்கும் என் ஆசிகள். இங்கே என் உடம்புக்குக் குறையொன்றும் இல்லை. அங்கே உன் மகன் அருணகிரியின் வலது தொடை எலும்பைத் தவிர மற்ற எல்லாம் நலம் என்று நம்புகிறேன். எலும்பில் வைத்த கம்பி ஒத்துக்கொண்டதா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். நீ பதில் எழுதவில்லை. கேட்ட கேள்வியை விட்டுவிட்டுக் கேட்காததற்கெல்லாம் பதில் எழுதுவது சிறு வயது முதலே உன் வழக்கம்.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். மெக்கானிக் மஸ்தான் பெட்ரோலில் எண்ணெய் கலக்கத் தவறியதால் இன்ஜின் பிடித்துக்கொண்டது, பின்சக்கரம் ஓட்டத்திலேயே நின்றது, அருணகிரி ஏரிக்கரையிலிருந்து தூக்கி எறியப்பட்டான், எனவே இனி உங்கள் கிளப் நடத்தும் எந்தப் பந்தயத்திலும் மஸ்தான் வண்டியைத் தொடக்கூடாது, போலீசிலும் புகார் கொடுத்தாயிற்று என்று எழுதியிருக்கிறாய். மஸ்தான் தவறவில்லை. அவன் எண்ணெய் கலந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதைக் கீழே கொட்டியவள் நான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். குறுக்கே பேசாமல் படி. பழைய வண்டிகளுக்கென்றே கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வற்றிய ஏரியில் மோட்டோகிராஸ் நடத்தப்போகிறோம், மேடு பள்ளத்தில் தாவித் தாவி ஓட வேண்டிய பந்தயம், பதினைந்து வயதுக்குக் குறைந்த வண்டிக்கு இடமே இல்லை, உன் வீட்டு ஷெட்டில் கிடக்கும் ஜாவா மோட்டார் சைக்கிள் வராவிட்டால் அந்தக் காலத்துப் பந்தயக்காரர்களுக்கே அவமரியாதை என்று நீ எழுதியபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் கணவர் அந்த வண்டியில் ஐந்து வருஷம் மதராஸ் கல்குவாரி மேடுகளில் பந்தயம் ஓட்டினார். இரண்டு முறை தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டார். ஒருமுறைகூட நான் போய்ப் பார்த்ததில்லை. சேறு படிந்த கால்சட்டைகளைத் தனியாகத் துவைக்கப் போட்டதோடு என் பங்கு முடிந்தது. பந்தய நாளில் அவர் ஷெட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே பெட்ரோலுடன் ஏதோ செய்வார். ஒளிந்து சிகரெட் பிடிக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் இறந்து பதினான்கு வருஷம் ஆன பிறகும் அப்படியே நினைத்திருந்தேன்.

மஸ்தான் மூன்று வாரம் வேலை செய்தான். பல் பல்லாக இருக்கும் மண்பாதை டயரை எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்தான். புகைக்குழாயைத் தரையில் இடிக்காதபடி உயர்த்திக் கட்டினான். பந்தயத்தன்று காலை நான் ஷெட்டுக்குப் போனபோது, பெட்ரோல் டின்னில் கெட்டியான எண்ணெயை ஊற்றிக் குலுக்கிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா இது?" என்று கேட்டேன்.

"கலக்கறேம்மா. கலந்தாதாம்மா ஓடும். கம்மியாத்தான் கலக்கறேன், பயப்படாதீங்க."

கோதண்டம், பால்காரர் முருகையன், பாலில் தண்ணீரைக் காட்டிக்கொடுக்கும் என் லாக்டோமீட்டரைப் பார்த்தவுடன் சொன்னதும் இதே வார்த்தைகள்தான். நான் மிளகாய்ப்பொடியில் செங்கல் தூளைக் கண்டுபிடித்துக் கடைக்காரனைத் தெருவில் நிறுத்தியவள். மஸ்தான் டாங்கியை நிரப்பிவிட்டு வேன் கூட்டிவரப் போனதும், வீட்டு வேலை செய்யும் வெள்ளையம்மாளை வாளி பிடிக்கச் சொல்லி, குழாயைக் கழற்றி அவ்வளவையும் சாக்கடையில் விட்டேன். "வெளக்குக்காவது ஆவும்மா, இப்பிடி ஊத்துறீங்களே" என்று அவள் அழாத குறை. ரிக்‌ஷாவில் பெட்ரோல் பங்குக்குப் போனேன், கலப்படம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன், அந்த ஆள் பயந்துபோய்ப் போட்டான். எதை ஊற்றப்போகிறோமோ அதனாலேயே பாத்திரத்தை இரண்டு முறை அலச வேண்டும் என்று கான்வென்ட்டில் ரசாயனம் கற்றுக்கொடுத்த சிஸ்டர் சொல்லியிருந்தார்கள். அதன்படியே டாங்கியை அலசி, வாங்கி வந்த பெட்ரோலை நிரப்பினேன். சிஸ்டர் பார்த்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார்கள்.

ஏரியில் ஷாமியானாவுக்கடியில் எனக்கு முதல் வரிசையில் நாற்காலி போட்டிருந்தாய். எல்லா வண்டியும் நீலமாகப் புகை விட்டுக்கொண்டு போயின. அருணகிரி ஓட்டிய நம் வண்டி மட்டும் துளிப் புகை இல்லாமல் போயிற்று. பக்கத்திலிருந்தவரிடம் "சுத்தமான பெட்ரோல்" என்றேன். மஸ்தான் பாதையோரமாகச் சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டு கத்தியபடியே ஓடினான். உற்சாகப்படுத்துகிறான் என்று நினைத்து நானும் கைதட்டினேன். கையாட்டச் சொல்லி வெள்ளையம்மாளையும் இடித்தேன். மூன்றாவது சுற்றில் வண்டி கரையேறி இறங்கும்போது இரும்பு கிறீச்சிட்ட சத்தம் என் நாற்காலி வரை கேட்டது. அருணகிரி தரையில் கிடந்து "அத்தை" என்று கூப்பிட்டான். நான் அவனிடம் போவதற்கு முன்பு, கூட்டத்தைப் பார்த்து, "மெக்கானிக் கலப்படக்காரன், காலையிலேயே பிடித்தேன்" என்று சொன்னேன். அந்த வரிசையை என்னால் மாற்றி எழுத முடியவில்லை.

கலக்காததுதான் குற்றம் என்று உன் கடிதம் தலைகீழாக இருக்கிறதே என்று விசாரிக்க வேங்கிக்கால் பெட்ரோல் பங்குக்குப் போனேன். அங்கே ஒருவர் ஸ்கூட்டருக்கு எண்ணெய் கலக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஊரறியக் கலப்படமா?" என்று குடையைத் தூக்கிவிட்டேன். பங்குக்காரன், "ரெண்டு ஸ்ட்ரோக்கு வண்டிம்மா. ஆயில் இல்லன்னா பிஸ்டன் அப்படியே புடிச்சிக்கும். சின்னப் பசங்களுக்கே தெரியுமே" என்றான். எனக்கு அறுபத்தாறு வயது. நான் குடையை மடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகையால் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள். கிளப் தன் தீர்மானத்தை ரத்து செய்து, காரணம் ராஜம்மாள் என்று என் பெயரை எழுதட்டும். இதற்குப் பிறகு நீ என்னுடன் பேசாவிட்டால் அது நியாயம். உன் மகன் நன்றாக நடக்கவும், உன் வீடு குறைவின்றி இருக்கவும் அருணாசலேசுவரரை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா
ராஜம்மாள்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மஸ்தான் வந்தான். எண்ணெய் ஊற்ற மறந்துவிட்டதாக ஸ்டேஷனில் நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டானாம்.

"ஏனப்பா பொய் எழுதினாய்?"

"கலந்தேன்னு சொன்னா, யாரு கொட்டினாங்கன்னு போலீஸ்காரன் கேப்பான். பொகை இல்லாததப் பாத்தப்பவே எனக்குத் தெரியும்மா. இந்தக் கேஸால என் கடை பூட்டிப் பத்து நாளாச்சு. மறந்துட்டேன்னு எழுதிட்டா ஒரு கையெழுத்தோட போச்சு."

உண்மையை உனக்கு எழுதிவிட்டேன் என்றேன். அவன் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"ஐயய்யோ! இது ஸ்டேஷனுக்குப் போனா, பொய் எழுதிக் குடுத்தவன்னு எம்மேல வேற கேஸ் போடுவான். மொதல்ல கலப்படக்காரன்னீங்க, இப்ப பொய்யனாக்கப் பாக்கறீங்க. உங்க நாயம் ரொம்ப ஜாஸ்தியா இருக்குதும்மா, என்னால தாங்க முடியல."

ஆகவே என் பெயரை எழுதச் சொன்னதை விட்டுவிடு. இதை அருணகிரிக்கு மட்டும் படித்துக் காட்டு, கால் அவனுடையது. பிறகு கிழித்துவிடு. மஸ்தான் மேலுள்ள தடையை நீக்கியே ஆக வேண்டும். கிளப்பில் காரணம் கேட்டால், அக்கா பிடிவாதம் பிடிக்கிறாள் என்று சொல். யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள்.