கருவாட்டக்கா கேமிங் லேப்டாப் வாங்கிய கதை

வடசென்னை என்றாலே கையில் கத்தியோடு நாலு பேரை ஓடவிடுகிறார்கள் சினிமாக்காரர்கள். அந்த வில்லன்கள் மொத்தப் பேரையும் ஒரே லாரியில் அள்ளிக்கொண்டு வந்து இறக்கினாலும், ராயபுரத்தில் எங்கள் கருவாட்டக்கா சுட்டுத் தள்ளிய தலைகளின் கணக்குக்குக் கிட்டேகூட வர முடியாது. அத்தனை பேரையும் சுட்டுவிட்டு, அடுத்த நிமிஷமே டீ குடித்துக்கொண்டு நெத்திலியைத் தரம் பிரிக்க உட்கார்ந்துவிடுவார்.

பயப்பட வேண்டாம். எல்லாம் கம்ப்யூட்டர் கேமில்தான்.

அக்காவுக்கு வயது ஐம்பதுக்கு மேல். மொத்த விலைக் கருவாட்டு வியாபாரம். நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். நான் துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னர்களுக்குச் சுங்கப் பேப்பர் தயாரிக்கும் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு, அக்காவின் குடோனுக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தேன். பெண் பார்க்கப் போன வீட்டில் நான் செருப்பைக் கழற்றும்போதே, "யாருடி சமையக்கட்டுல வாளைக் கருவாட்ட எடுத்தது?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது.

அக்கா மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். நாகப்பட்டினம், நெல்லூர், காக்கிநாடா என்று சரக்குப் பார்க்கப் போய்க்கொண்டே இருப்பார். ரயிலில் பொழுது போகாமல் போனில் ஒரு துப்பாக்கி கேமை ஆட ஆரம்பித்தவர், கொஞ்ச நாளில் முகம் தெரியாத மூன்று பேரோடு சேர்ந்து ஒரு டீமுக்குத் தலைவராகிவிட்டார். டீமில் அவர் பெயர் சுறா. மீன் ஏலத்தில் கத்திக் கத்தித் தேய்ந்துபோன குரல் அவருக்கு. அதனால் அந்தப் பையன்கள் அவரை "சுறாண்ணா" என்றுதான் கூப்பிட்டார்கள். அக்கா திருத்தவில்லை.

"அண்ணான்னா அண்ணாவா இருந்துட்டுப் போறேன். சுட்டா சாவறானா இல்லியா, அத்தப் பாரு" என்பார்.

பிரச்சினை விரலில்தான் வந்தது. உப்பிலேயே ஊறிக் காய்ந்த விரலை விரல் என்றே டச் ஸ்க்ரீன் ஒப்புக்கொள்ளவில்லை. "நான் சுடுன்னா இது சொம்மா பார்த்துகினு கீது நைனா. அதுக்குள்ள எதிராளி என்னைப் போட்டுத் தள்ளிட்டுப் பூடறான்!" என்று போனை மூட்டைமேல் வீசினார். அந்தச் சமயம் பார்த்து டீம் மொத்தமும் கம்ப்யூட்டருக்கு மாறப்போவதாக அறிவித்தது. ஆன்லைனில் ஒரு போட்டிக்கும் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த நாள் அக்கா மாடியேறி வந்தார். "நைனா, சட்டைய மாட்டு. லேப்டாப் வாங்கணும்."

ஆபீஸில் பிரிண்டருக்குப் பேப்பர் வைக்கத் தெரிந்த ஒரே காரணத்தால், எங்கள் தெருவுக்கு நான்தான் கம்ப்யூட்டர் டாக்டர்.

வண்ணாரப்பேட்டையில் மாடியில் இருந்த ஒரு கடைக்குப் போனோம். டை கட்டிய விற்பனையாளர் அக்காவைப் பார்த்துவிட்டு என்னிடம், "சாருக்கா?" என்றார்.

"அவரு கெடக்காரு. எனக்குதான்."

"பையன் காலேஜ் ப்ராஜெக்டுக்காங்க மேடம்?"

"ஆளுங்களச் சுடறதுக்கு."

விற்பனையாளர் டையைத் தளர்த்திக்கொண்டார். பிறகு பூப்போல ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தார். ஊர் ஊராகப் போகிறவர்களுக்கென்றே செய்ததாம். அக்கா அதில் கேமைப் போடச் சொல்லி, கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, பக்கவாட்டில் கையை வைத்துப் பார்த்தார். "இதுல வாளைக் கருவாட்ட வறுத்து எடுக்கலாம். அடுத்தத எடு."

அடுத்து வந்தது ஒரு ராட்சசன். கேம் எண்ணெய்போல வழுக்கிக்கொண்டு ஓடியது. கூட வந்த சார்ஜர்தான் செங்கல் சைசில் இருந்தது. அக்கா அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். பிறகு ராட்சசனையும் செங்கல்லையும் ஒரு பையில் போட்டு விற்பனையாளரின் தோளில் மாட்டினார்.

"ஓடு."

"மேடம்?"

"ட்ரெயின் கெளம்பிடிச்சின்னு வச்சிக்கோ. நீ கடைசி பெட்டி, உன் சீட்டு முன்னாடி பெட்டி. கீழ வரிக்கும் ஓடிட்டு ஏறி வா, பார்க்கலாம்."

விற்பனையாளர் விளையாட்டு வீரராக ஓடினார். திரும்பி வந்தபோது டை முதுகுப் பக்கம் போயிருந்தது. அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "இது வூட்டுக்கு ஸோக்கு, ட்ரெயினுக்கு பேஜாரு" என்று தீர்ப்பு சொன்னார். கடைசியில் இரண்டுக்கும் நடுவில் ஒன்று அமைந்தது. அதோடு ஓடியபோது விற்பனையாளரால் பாதி வாக்கியம் பேச முடிந்தது. அதையே எடுத்துக்கொண்டார்.

நான் மட்டும் ஒரு வார்த்தை சொன்னேன். "அக்கா, ரயில்ல இருக்கறது போன் சார்ஜ் போடற பிளக்கு. இந்தச் சார்ஜர் அதுல ஓடுமான்னு தெரியல. வெறும் பேட்டரியில கேம் ஆடினா சீக்கிரமே படுத்துடும்."

"போனுக்கு ஒரு கரண்ட்டு, இதுக்கு ஒரு கரண்ட்டா நைனா? போவியா!"

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில். அதே நாளில் நெல்லூரில் நெத்திலி வந்து இறங்கியிருந்தது. இரண்டையும் விட அக்காவுக்கு மனசில்லை. கம்ப்யூட்டர் டாக்டரையும் துணைக்கு இழுத்துக்கொண்டு ரயில் ஏறினார்.

வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்தில் எதிர் சீட்டில் இருந்த குடும்பம் மூக்கைப் பொத்தியது. அப்புறம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் தேடிப் போனது. எனக்குச் சங்கடமாக இருந்தது. அக்கா காலை நீட்டிக்கொண்டார்.

"எப்பவும் இப்டிதான். எவ்ளோ சோப்பு போட்டாலும் போவாது. நான் குந்தினா சுத்தி நாலு சீட்டு காலி." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "கேம்ல அப்டி இல்ல நைனா. 'சுறாண்ணா, எங்கூடவே இரு'ன்றானுங்கோ பசங்கோ."

போட்டி ஆரம்பித்தது. அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு சார்ஜரை ரயில் பிளக்கில் செருகினார். சார்ஜ் ஏறவேயில்லை. பேட்டரி மட்டும் நெத்திலி விலைபோல இறங்கியது. கூடூர் வந்தபோது திரையில் சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா என்னைப் பார்க்கவேயில்லை. லேப்டாப்பைத் திறந்தபடியே ஏந்திக்கொண்டு பிளாட்பாரத்தில் குதித்தார். நேராக டீக்கடைக்குள் புகுந்து, மாட்டியிருந்த ஒரு பிளக்கைப் பிடுங்கிவிட்டு நம் சார்ஜரைச் செருகினார்.

"அம்மா! அதி ஃப்ரிட்ஜ் ப்ளக் அம்மா!" என்று கடைக்காரர் தெலுங்கில் அலறினார். அது ஃப்ரிட்ஜின் பிளக்காம். அக்கா அதைவிடச் சத்தமான தெலுங்கில், ஃப்ரிட்ஜில் இருக்கும் கூல்டிரிங்ஸ் மொத்தத்தையும் இந்தத் தம்பி குடித்துவிடுவான் என்று என்னைக் கை காட்டினார். எங்கள் ரயில் எங்களை விட்டுவிட்டுக் கிளம்பியது. நான் முதல் பாட்டிலைத் திறந்தேன்.

அக்கா அவசரத்தில் ஹெட்போனை ரயிலிலேயே விட்டுவிட்டார். அதனால் டீம் பேசுவது ஸ்பீக்கரில் கடை முழுக்கக் கேட்டது. கோயம்புத்தூரில் மோட்டார் கம்பெனியில் வேலை பார்க்கும் பையன் கேட்டான்: "சுறாண்ணா, உங்கள யாருங்ணா அம்மான்னு கூப்புடறாங்க?"

"மொதல்ல சுடுடா பேமானி!"

அவன் சுடவில்லை. திகைத்து நின்ற இடத்திலேயே செத்தான். மற்ற இரண்டு பேரும் அவனுக்கு என்ன ஆச்சு என்று பார்க்கப் போய்ச் செத்தார்கள். எதிர்ப்பக்கம் இரண்டு பேர் பாக்கி. அக்கா ஒருவனை வீழ்த்தினார். இன்னொருவன் அக்காவை வீழ்த்தினான். தோற்றுப்போனோம்.

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். அப்படி ஒரு அடங்கிய குரல் அவரிடம் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

"நான் பொம்பளதாம்ப்பா. கருவாடு விக்கிறேன். உங்க அம்மா வயசு ஆவும். வேற ஆள போட்டுக்கறதுன்னா போட்டுக்கோங்க. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

நான் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டேன்.

"அக்கா," என்றான் கோயம்புத்தூர்க்காரன். "அப்ப இத்தன நாளா உங்க முன்னாடியாங்க்கா நாங்க அவ்ளோ கெட்ட வார்த்தை பேசிட்டிருந்தோம்?"

"அதுல பாதி நான் சொல்லிக்குடுத்ததுடா!"

மூன்று பேரும் ஸ்பீக்கர் அதிரச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் கோயம்புத்தூர்க்காரன், "அடுத்த ஞாயித்துக்கெழம ஃப்ரீங்களாக்கா?" என்று கேட்டான். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னா கடை வச்சிகிறான், ஒரே பொகை" என்று கடைக்காரரைத் திட்டினார். அடுப்பு அணைந்துதான் கிடந்தது.

இப்போது எனக்குக் கல்யாணமாகி, ஊருக்கு அந்தக் கோடியில் தாம்பரம் பக்கம் இருக்கிறேன். டீமில் ஒருவன் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட, அந்த இடத்துக்கு அக்கா என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார். ஞாயிறுதோறும் ஆடுகிறோம். களத்தில் இறங்கிய உடனே நான் குண்டடிபட்டு விழுந்துவிடுவேன். "கய்தே, உன்னிய கட்டிகினு அழுவறதே எனக்கு வேலையாப் பூடுச்சி" என்று திட்டிக்கொண்டே, குண்டு மழைக்கு நடுவில் அக்கா ஓடிவந்து என்னைத் தூக்கி நிறுத்துவார்.

அதற்காகவே நான் இன்னும் ஒழுங்காகச் சுடக் கற்றுக்கொள்ளவில்லை.