போல் டான்ஸும் ஒரு ஜெபக் குறிப்பும்

பெற்ற பிள்ளை சொல்வதை நம்பாமல் கைப்பேசி சொல்வதை நம்பும் தாய்மார்கள் உண்டு. அந்தக் கூட்டத்துக்கு நான்தான் தலைவி.

எங்கள் சந்தில், இருபத்து மூன்று வயதிலும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்கிற பெண் என் மகள் ஜெனி ஒருத்திதான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, செம்பூரில் போல் டான்ஸ் வகுப்பில் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள்.

"கம்பத்தப் பிடிச்சு ஏறுறது மம்மி. முதுகுக்கு எக்சர்சைஸ். டென்ஷன் மத் லே."

டென்ஷன் ஆகாமல் பொருள் தேடினேன். 'இரவு விடுதிகளில் வயது வந்தோருக்காகக் கம்பத்தைச் சுற்றி ஆடும் கவர்ச்சி நடனம்' என்றது கைப்பேசி. இன்று உடற்பயிற்சியாகவும் பரவியிருக்கிறது என்று கீழே ஒரு வரி. (படித்தேன். பெற்றோரைத் தேற்ற எழுதியிருப்பார்கள் என்று ஒதுக்கிவிட்டேன். எம்.ஏ. படித்தவளை ஏமாற்ற முடியுமா?)

தாராவியில் உள்ள எங்கள் சபையில், கவலை வந்தால் வாட்ஸ்அப் குழுவில் ஜெபக் குறிப்பு போடுவோம். ஞாயிறு ஆராதனையில் அதை மைக்கில் வாசிப்பார்கள். பெயர் சொல்லாமல் 'ஒரு சகோதரி' என்று எழுதுவதே வழக்கம். நான் பெயர், கட்டடம், மாடி, வகுப்பு நேரம் எல்லாம் எழுதினேன். கர்த்தர் தவறிப்போய் இரண்டாம் மாடி டியூஷன் சென்டருக்குள் நுழைந்துவிடக் கூடாதல்லவா? மூத்தவர்களுக்குப் புரியட்டும் என்று சொல்லின் பொருளையும் ஒட்டினேன்.

ஞாயிறன்று, குறிப்புகளை வாசிக்கும் ஞானம் அக்கா ஓர் எழுத்து விடாமல் வாசித்தார். 'கவர்ச்சி'யில் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டார். (பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றதும், மறுபடியும்.) என் பக்கத்தில் ஜெனி.

வீட்டுக்கு வந்து ஒரே வாக்கியம்தான் பேசினாள்.

"இனிமே உங்கிட்ட எதையும் சொல்ல மாட்டேன் மம்மி."

"புள்ள சொன்னத நம்பியிருக்கலாம்லாட்டி" என்றார் கணவர். (இதை அவர் முந்தின நாள் சொல்லவில்லை.)

அடுத்த சனிக்கிழமை வேவு பார்க்கப் போனேன். அந்தப் பயங்கர இரவு விடுதியில், காலை பத்து மணிக்கு, என் வயதுப் பெண்கள் நாலு பேர் வௌவால் மாதிரித் தலைகீழாகத் தொங்கி, "ஆயி க" என்று மராத்தியில் அம்மாவைக் கூப்பிட்டு முனகிக்கொண்டிருந்தார்கள். ஜெனி என்னைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி மேலே ஏறினாள்.

ஞானம் அக்காவிடம் ஓடினேன். "அந்தக் குறிப்ப எடுத்துருங்கக்கா."

"ஜெபம் கேக்கப்பட்டாத்தான எடுக்க முடியும்? புள்ள இன்னும் போறால்லா?"

ஜெனி சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள். என்னிடம் எதுவும் சொல்வதில்லை, குழுவில் போட்டுவிடுகிறாள். போன ஞாயிறு ஞானம் அக்கா மைக்கில் வாசித்தார்: "சகோதரி ஜெனி வெள்ளிக்கிழமை சிநேகிதர்களோடு கோவா போகிறாள். அவளுடைய அம்மாவின் பிரஷருக்காக ஜெபிப்போம்."

சபை முழுக்க ஆமென் சொன்னது. என் கணவர் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.