சிஸ்டம் சார் மாற்றிய பாஸ்வேர்ட்

இந்த முறை கடலுக்குப் போயே தீருவது என்று சிஸ்டம் சார் முடிவெடுத்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து எடுத்துவரும் முடிவுதான். ஒவ்வொரு தடவையும் புறப்படுகிற வாரம் பார்த்து யாராவது ஒரு மூட்டைத் துணியோடு வந்து நிற்பார்கள். அவர் மனைவி மறுக்கமாட்டாள். பெட்டி மறுபடி பரணுக்குப் போய்விடும்.

மனைவி தையற்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. தெருவுக்கே அவள் டெய்லர் அக்கா. அவர் ஒரு கம்பெனிக்காக வீட்டிலிருந்தே இணையதளங்கள் எழுதுகிறவர். யார் வீட்டுப் பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள் என்பதால் சிஸ்டம் சார். மனைவியின் கடைக்கும் ஒரு இணையதளம் செய்து கொடுத்திருந்தார். அதில் ஒரு பொத்தான். அழுத்தினால் ஆர்டர் எடுக்கும்; திரும்ப அழுத்தினால் ‘இப்போது ஆர்டர் எடுப்பதில்லை’ என்று சொல்லும். ஆர்டரை நிறுத்துவதற்காக அவள் அதைத் தொட்டதே கிடையாது.

“டிக்கெட் போட்டாச்சும்மா. இனிமே ஆர்டரை நிறுத்திடு.”

“பார்த்துக்கலாங்க,” என்றாள், வாயில் குண்டூசியோடு.

அந்தப் பதிலுக்கு என்ன பொருள் என்று அவருக்குத் தெரியும். அதற்குப் பொருள், பரண்.

இனி கெஞ்சிப் பயனில்லை. சமையலறை டேப்லட்டில் கடையின் பக்கம் எப்போதும் திறந்தே கிடக்கும். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து ஆர்டரை மூடினார். அவள் திறந்துவிடாதபடி பாஸ்வேர்டையும் மாற்றினார். பழைய பாஸ்வேர்ட் என்ன என்று அந்தப் பக்கம் கேட்கவில்லை. நம் வீட்டுக்குள் யார் வந்து மாற்றப்போகிறார்கள் என்று, எழுதும்போது அவரே அதை விட்டுவிட்டார்.

மறுநாள் பார்த்தால் ஆர்டர் திறந்திருந்தது. புதிதாக ஒரு கவுன், இரண்டு பள்ளிச் சீருடை.

தன் பிறந்த தேதியை வைத்தது தப்பு, சுலபமாகக் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தார். ஆர்டரை மறுபடி மூடி, தன் முதல் பைக்கின் நம்பரை வைத்தார். மறுநாள் காலை ஆர்டர் திறந்திருந்தது. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்த உலகத்தில் தன்னைத் தவிர யாருக்கும் தெரியாத ஒரு பெயரை வைத்தார். பள்ளிக்கூடத்தில் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு ரெட்டைச்சடையின் பெயர்.

விடிந்தது. ஆர்டர் திறந்திருந்தது.

சிஸ்டம் சாருக்கு வியர்த்துவிட்டது. ரெட்டைச்சடை வரைக்கும் தெரிந்திருக்கிறது. காலை முழுவதும் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பியில் சர்க்கரை குறைந்திருப்பதாகப் பட்டது. அவள் கத்தரிக்கோலை எடுக்கும் விதமே வேறு மாதிரி இருந்தது.

தாங்கமுடியாமல் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்குப் போன் போட்டார். அவர் எழுதுவதையெல்லாம் சோதித்துப் பார்த்துத் திருப்பி அனுப்புவதுதான் அவள் வேலை. தன் நண்பர் ஒருவர் வீட்டில் இப்படி நடக்கிறது என்று கதையைச் சொன்னார். ரெட்டைச்சடையைச் சொல்லவில்லை.

“உங்க ஃப்ரெண்டு பூட்டை மாத்திட்டாரு, சரி,” என்றாள் அவள். “உள்ள உக்காந்திருக்கிறவங்களை வெளிய அனுப்பினாரா?”

சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவியின் போன் கடை தொடங்கிய நாளிலிருந்தே லாகின் ஆகி உள்ளேயே இருந்தது. பாஸ்வேர்ட் மாறியதே அதற்குத் தெரியாது. அவளும் எதையும் கண்டுபிடிக்கவில்லை; கண்டுபிடிக்கவேண்டிய தேவையே அவளுக்கு வரவில்லை.

அந்தப் பெண் விடவில்லை. பழைய பாஸ்வேர்டைக் கேட்காமல் புதிதை எடுத்துக்கொள்ளக் கூடாது, மாற்றியவுடன் மற்ற எல்லாக் கருவிகளையும் வெளியேற்றிவிடவேண்டும், கணக்குக்கு உரியவருக்கு உடனே ஒரு மெயில் போகவேண்டும் என்று வரிசையாக அடுக்கினாள். உங்க ஃப்ரெண்டுக்கு இதை எழுதிக்கொடுத்தது யார் என்றும் கேட்டாள். சிக்னல் சரியில்லை என்று இவர் வைத்துவிட்டார்.

வேலை என்று உட்கார்ந்துவிட்டால் அவருக்குக் குடும்பம் மறந்துவிடும். கதவைச் சாத்திக்கொண்டு அவள் சொன்னது அத்தனையையும் எழுதினார். ஒரு ஓட்டை மிச்சமில்லை. பிறகு டேப்லட்டை எடுத்தார். பழையதைக் கேட்டது, கொடுத்தார். ரெட்டைச்சடை போய், யாருக்கும் வாயில் நுழையாத ஒன்று வந்தது. ஆர்டரை மூடினார். தன் கைவேலையைத் தானே ரசித்தார்.

அப்புறம்தான் அந்த மெயில் யாருக்குப் போகும் என்று யோசித்தார்.

தையல் மெஷின் சத்தம் நின்றது. மனைவி போனோடு வந்து நின்றாள்.

“என்னங்க, யாரோ என் பாஸ்வேர்டை மாத்திட்டாங்களாம்.”

“அப்படியா.”

“நான் மாத்தலைன்னா இதை அழுத்தணுமாம். அழுத்தட்டுமா, இல்ல நீங்களே சொல்றீங்களா?”

சொன்னார். கடல், பரண், பொத்தான் எல்லாவற்றையும் சொன்னார். ரெட்டைச்சடையை இங்கேயும் சொல்லவில்லை.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். “அடப்பாவி மனுஷா. தினமும் காலையில ஆர்டர் மூடியிருக்கு. நீங்க எழுதினதுல ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். சொன்னா மனசு ஒடிஞ்சு போயிடுவீங்களேன்னு நானே சத்தமில்லாம திறந்து விட்டுக்கிட்டிருந்தேன்.”

அவர் டேப்லட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“வந்த ஆர்டரைத் திறந்து பார்த்தீங்களா? எந்தத் தேதிக்குக் கொடுக்கறதா ஒத்துக்கிட்டிருக்கேன்னு பார்த்தீங்களா?”

பார்க்கவில்லை. இப்போது பார்த்தார். அத்தனையும் கடலிலிருந்து திரும்பி வந்ததற்கு அப்புறம்.

“எனக்கு மட்டும் கடல் பார்க்க ஆசையில்லையா?” என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார், சிரிப்பை மறைக்கத்தான்.

அவள் எழுந்து முன்னறைக்குப் போய் மெயிலில் இருந்ததை அழுத்தினாள். புதிய பாஸ்வேர்ட் வைத்தாள். என்ன என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அடுத்த கணமே அவர் கையிலிருந்த டேப்லட் அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. இத்தனை வருஷத்தில் அவர் எழுதியவற்றில், முதல் தடவையே பிழையில்லாமல் ஓடியது அது ஒன்றுதான்.