ஒய் அடிச்சுக்கிட்டே இருங்க

பாஸ்வேர்டை மூன்றாவது தடவையாக அடித்துப் பார்த்தான் சிட்டிபாபு. கறுப்புத் திரையில் ஓர் எழுத்துகூட விழவில்லை. புள்ளி இல்லை, நட்சத்திரம் இல்லை. ஒரு சின்ன வெள்ளைக் கோடு மட்டும் நின்ற இடத்திலேயே நின்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"என்ன தம்பி, வரலையா?" என்றார் முதுகுக்குப் பின்னால் நின்ற வருங்கால மாமனார்.

"வரும் சார். கொஞ்சம் டைம் எடுக்கும்."

எத்தனை டைம் எடுத்தாலும் வராது என்பது சிட்டிபாபுவுக்குத் தெரியும். ஏனென்றால் அவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது.

சோழிங்கநல்லூரில் ஏழு மாடி ஐ.டி. கம்பெனியில் அவனுக்கு வேலை என்பது சத்தியமான உண்மை. ஆனால் அந்த வேலை, எந்த இன்ஜினீயரை எந்த வேனில் ஏற்றி எந்தத் தெருவில் இறக்குவது என்று டிரைவர்களுக்கு ஃபோன் போடுவது. வேளச்சேரியிலிருந்து வண்டலூர் வரை ஒரு ஸ்பீடு பிரேக்கர் விடாமல் மனப்பாடம். வைத்தீஸ்வரன் மாமா இதை எல்லாம் விளக்கிக்கொண்டிருக்காமல், பெண் வீட்டில், "பையன் ஐ.டி. கம்பெனியில இருக்கான்" என்று முடித்துவிட்டார்.

"பொய் இல்லையேடா. கம்பெனிக்கு உள்ளதானே இருக்க?"

இது எட்டாவது இடம். முதல் ஏழு இடமும் தட்டிப்போனது ஒரே காரணத்தால்தான்: 'பையன் வேன் அனுப்பறானாமே!' இதுவும் போனால் இனிமேல் பெண் பார்ப்பதில்லை என்று அம்மா சொல்லிவிட்டாள். முப்பத்திரண்டு வயதில் இதற்குமேல் எவ்வளவு பயம் வேண்டும்?

"பொண்ணோட அப்பா மொதல்ல உன்னை மட்டும் தனியா பாக்கணுங்கறாரு. சேலையூர்ல நீல கேட் போட்ட வீடு. ஞாயித்துக்கிழமை டாண்ணு பத்துக்குப் போய் நில்லு" என்று மாமா சொல்லியிருந்தார். பெண்ணின் ஃபோட்டோ மெயிலில் வந்திருந்தது. சிட்டிபாபுவுக்கு அதைத் திறக்கத் தெரியவில்லை. நேரிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

டாண்ணு பத்துக்கு, இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு கிலோ மாதுளம்பழத்தோடு பெல் அடித்தான்.

"வாங்க, வாங்க! உங்களத்தான் காலையிலேர்ந்து எதிர்பாத்துக்கிட்டிருக்கோம்" என்று கதவைத் திறந்தவர், பழத்தைப் பார்த்துத் திகைத்துப்போனார். "இதெல்லாம் எதுக்கு தம்பி? இப்படி ஒரு ஆளை நான் பாத்ததே இல்ல."

ஆரம்பமே அமர்க்களம் என்று சோஃபாவில் உட்காரப் போனவனை, அவர் தோளில் கைபோட்டு நேராக உள் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"பாப்பாவோட கம்ப்யூட்டர். போன வாரம் கரண்டு போய் வந்ததுலேர்ந்து இப்படியே நிக்குது. நாளைக்கு எம்.ஃபில். தீசிஸ் கொடுக்கணும், மொத்தமும் இதுக்குள்ளதான் இருக்கு. கொஞ்சம் பாருங்க. உங்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?"

சிட்டிபாபுவுக்குப் பளிச்சென்று புரிந்தது. டெஸ்ட்! காபி கொடுப்பதற்கு முன்னால் பரீட்சை வைக்கிறார் மனிதர்!

அப்போதுதான் பாப்பா வந்தாள். மூக்குக் கண்ணாடி. கொண்டையில் ஒரு பென்சில். அழுது முடித்த கண்.

"ஹார்டு டிஸ்க் போயிருக்குமாங்க?"

"சேச்சே! எங்கயும் போயிருக்காதுங்க. இங்கதான் எங்கயாவது இருக்கும்."

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "இது விண்டோஸ் இல்ல, லினக்ஸ். ஃப்ரெண்டு ஒருத்தி சிடி போட்டுக் கொடுத்தா. இதுல வைரஸே வராதாம்."

வைரஸ் மட்டுமா, எதுவுமே வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் சிட்டிபாபு. அந்தக் கொண்டைப் பென்சிலைப் பார்த்த நொடியில் ஒன்று மட்டும் தீர்மானமாகிவிட்டது. எட்டாவது இடம் தட்டிப்போகக் கூடாது. உயிரைக் கொடுத்தாவது இந்தப் பரீட்சையில் பாஸ்!

"பாஸ்வேர்டு சொல்லுங்க."

அப்பா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவன் காதருகே குனிந்தார். "வெளிய சொல்லாதீங்க. திருநீர்மலை."

"கடைசில ஒரு ஐ மட்டும்தான்!" என்று சமையலறையிலிருந்து தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள் பாப்பாவின் அம்மா.

அப்படி அடித்துத்தான் மூன்று தடவையும் ஒன்றும் வரவில்லை. நான்காவது தடவைக்குக் கூடவே வியர்வை வந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"கீபோர்டு அவுட்டு சார்" என்றான்.

"அதான் பாத்தேன், ஒரே பிசுக்கு" என்று அம்மா வந்து ஒயரைப் பிடுங்கி, கீபோர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். அப்பா மாடிக்கு ஓடினார். மாடி வீட்டுக் கிளியம்மாளின் கீபோர்டோடு திரும்பினார். பின்னாலேயே கிளியம்மாளும் வந்துவிட்டாள்.

சிட்டிபாபு அதில் அடித்தான். கறுப்பு. கண் சிமிட்டல். அவ்வளவுதான்.

"இதுவும் அவுட்டா?" என்றார் அப்பா.

"இன்னாது, அவுட்டா?" கிளியம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "காலைல கூட எங்க வூட்டுக்காரரு அதுலதான் சீட்டு ஆடிக்கினு இருந்தாரு. நல்லா கீற பொருளை அவுட்டுன்னா எப்டி சார்?"

"சிக்னல் இல்ல, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, மொபைலோடு கொல்லைப்பக்கம் பாய்ந்தான் சிட்டிபாபு. கம்பெனியிலேயே லினக்ஸ் தெரிந்த ஒரே சிநேகிதன் முதாசிர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பெருங்களத்தூர் கிரவுண்டில் கிரிக்கெட்.

"இன்னா மச்சான், பொண்ணு எப்படி கீது?"

"பொண்ணு சூப்பர்டா. கம்ப்யூட்டர்தான் சரியில்ல! லினக்ஸாம். பாஸ்வேர்டு அடிச்சா ஒரு எழுத்துகூட வர மாட்டேங்குது."

"வராது மச்சான்! அந்தக் கறுப்பு ஸ்க்ரீன்ல அப்படித்தான். யாரும் எட்டிப் பாக்கக் கூடாதுன்னு எதையும் காட்டாது. பாட்டுக்கு அடிச்சிட்டு என்டர் தட்டு, அப்புறம் அடிக்க வேண்டிய கமாண்டை மெசேஜ்ல அனுப்பறேன். கீபோர்டு நல்லாத்தான் கீது."

"கீது இல்லடா, இருந்துச்சு" என்றான் சிட்டிபாபு. துவைக்கிற கல்லில் கீபோர்டைக் கிடத்தி, சோப்புப் பொடி தூவி, பிரஷ்ஷால் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தாள் அம்மா. பக்கத்து வாளியில் நுரைக்கு நடுவே இருபத்தாறு எழுத்தும் மிதந்தன.

ஓடிவந்து, கிளியம்மாள் கீபோர்டில் திருநீர்மலையைத் தட்டி என்டர் அடித்தான். திரையில் இரண்டு வரி குதித்தது!

"வந்துடுச்சு!" என்று பாப்பா கை தட்டினாள். அந்தக் கைதட்டலில் சிட்டிபாபு ஓரடி உயரமாகிவிட்டான். முதாசிர் அனுப்பிய கமாண்டை அடித்தான். இருபது வரி வந்து கொட்டியது. எல்லா வரியிலும் 'எர்ரர்'.

மறுபடி கொல்லைப்பக்கம்.

"டேய், எர்ரர்டா! இருபது எர்ரர்!"

"பதறாத. அது எதனா கேள்வி கேட்டா யெஸ்னு... டேய் டேய், கேட்ச்சு! பிடி! பிடிடா!"

ஃபோன் கட்டானது.

சிட்டிபாபு திரும்பி வந்து திரையைப் பார்த்தான். அது எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, நாமே முந்திக்கொள்வோம் என்று 'யெஸ்' என்று அடித்து என்டரைத் தட்டினான்.

பிடித்தது பேய். இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒய், ஒய், ஒய் என்று ஒரே ஒய்யாக ஓட ஆரம்பித்தது. நிற்கவில்லை. ஆயிரம், பத்தாயிரம், லட்சம் ஒய்.

"ஐயோ, என்னங்க இது?" பாப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"தீசிஸ் பூரா ஒய்யா மாறுதும்மா!" என்று அப்பா அலறினார்.

"நிறுத்துங்க தம்பி!" என்றாள் ஈரக்கையோடு ஓடிவந்த அம்மா.

சிட்டிபாபு எஸ்கேப்பை அடித்தான். ஒய். ஸ்பேஸ் பாரைக் குத்தினான். ஒய். 'நோ' என்று அடித்தான், 'சாரி' என்றுகூட அடித்தான். அதற்கும் ஒய்தான். பொறுக்க முடியாமல் அப்பா குனிந்து சுவரிலிருந்த பிளக்கையே பிடுங்கிவிட்டார்.

மேலே ஒரு விமானம் மீனம்பாக்கத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் ஏறிப் போய்விட முடியாதா என்றிருந்தது சிட்டிபாபுவுக்கு.

பிளக்கைத் திரும்பச் சொருகினால், முன்பு பாதி வழி வரை வந்த கம்ப்யூட்டர் இப்போது கால்வாசியிலேயே படுத்துக்கொண்டது. டிஸ்கில் ஏகப்பட்ட கோளாறு, நீயே உட்கார்ந்து சரிபார் என்கிற மாதிரி ஏதோ சொல்லிற்று.

முதாசிர் இப்போது அவுட்டாகி உட்கார்ந்திருந்தான். அதனால் நிதானமாகப் பேசினான். "ஓடுறப்போ பிளக்கைப் பிடுங்கினா இன்னா ஆவும்? பரவால்ல, நான் சொல்றதை அடி. இப்ப நெஜமாவே கேள்வி கேக்கும். ஒவ்வொன்னுக்கும் ஒய் அடி. எத்தினி கேட்டாலும் ஒய். ஒரு எடத்துலகூட நோன்னு 'என்' அடிச்சுடாத மச்சான், அப்புறம் தீசிஸைக் கடல்லதான் தேடணும்."

கேட்க ஆரம்பித்தது. இதைச் சரி செய்யட்டுமா? ஒய். அதைச் சரி செய்யட்டுமா? ஒய். அம்பது தாண்டியது. நூறு தாண்டியது. சிட்டிபாபுவின் ஆள்காட்டி விரல் வீங்கியது.

"தள்ளுங்க, நான் கொஞ்சம் அடிக்கறேன்" என்று அப்பா உட்கார்ந்தார். தாலுகா ஆபீசில் முத்திரை குத்துகிற வேகத்தில் எண்பது ஒய் குத்தினார். அடுத்து அம்மா. ஒவ்வொரு ஒய்க்கும் ஒரு "ரங்கநாதா!" அதற்கடுத்து கிளியம்மாள்: "என் கீபோர்டு, நான் அடிக்காம யாரு அடிப்பா?"

முந்நூறைத் தாண்டும்போது பெரியவர்கள் மூச்சு வாங்க ஹாலுக்குப் போக, சிட்டிபாபுவும் பாப்பாவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். ஆளுக்கு ஒரு ஒய்.

"ஒன்னு சொல்லட்டுங்களா?" என்றான் மெதுவாக. "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுங்க."

"தெரியும்" என்றாள், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

"எப்பலேர்ந்து?"

"'இங்கதான் எங்கயாவது இருக்கும்'னு சொன்னீங்களே, அப்பலேர்ந்து."

"அப்பாகிட்ட சொல்லலையே?"

"நீங்க ஓடிப்போகாம உக்காந்திருந்தீங்க. முந்தாநாள் ஒருத்தர் வந்தாரு, அஞ்சு நிமிஷம் பாத்துட்டு, இது தேறாதுன்னுட்டுப் போயிட்டாரு."

சிட்டிபாபுவுக்கு ரத்தம் கொதித்தது. இவளைப் பார்த்தா தேறாது என்றான்? எவன் அவன்?

"நிஜமா என்ன வேலை பாக்கறீங்க?"

ஏழு இடத்தைக் கெடுத்த கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டான். "ஐ.டி. கம்பெனியில வேன் அனுப்பறேன்."

அவள் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை. "வேன் அனுப்பறவருக்கு இவ்வளவு பொறுமையா? என்னால எல்லாம் நூறு ஒய்கூட அடிக்க முடியாதுப்பா."

நானூற்றுப் பதினெட்டாவது ஒய்யில் கேள்வி நின்றது. கம்ப்யூட்டர் தானாக ஒரு தடவை அணைந்து எரிந்தது. கறுப்பு. கறுப்பு. இன்னும் கறுப்பு. திடீரென்று நீல நிறத்தில் திரை மலர்ந்தது! பாப்பா ஃபைலைத் திறந்தாள். தீசிஸ். நூற்று நாற்பத்து மூன்று பக்கம். ஒரு கமாகூடக் குறையவில்லை.

"வந்துடுச்சுப்பா! முழுசா வந்துடுச்சு!"

அப்பா ஓடிவந்து சிட்டிபாபுவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். கிளியம்மாள் விரலை மடித்து ஒரு விசில் அடித்தாள். அம்மா தட்டு நிறைய கேசரி கொண்டுவந்தாள். மொபைலில் முதாசிரிடமிருந்து ஒரு மெசேஜ்: சொல்ல மறந்துவிட்டானாம், அந்தக் கமாண்டுக்குப் பின்னால் ஒரே ஒரு மைனஸ் ஒய் சேர்த்திருந்தால் எல்லாக் கேள்விக்கும் அதுவே பதில் சொல்லிக்கொண்டிருக்குமாம். சிட்டிபாபு அதை உடனே அழித்தான். தனியாக ஓடியிருந்தால் பக்கத்து நாற்காலி எங்கே கிடைத்திருக்கும்?

"தம்பி, இனிமே நீங்க இந்த வீட்டு ஆளு" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார் அப்பா. "எப்ப எதுன்னாலும் உங்களத்தான் கூப்பிடுவோம்."

பாஸ்! எட்டாவது இடம் பாஸ்! பாப்பாவைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். மொபைல் அடித்தது. வைத்தீஸ்வரன் மாமா.

"டேய் சிட்டி! ஜெயிச்சுட்டடா! பொண்ணோட அப்பா இப்பதான் ஃபோன் பண்ணி முடிச்சாரு. எல்லாருக்கும் உன்னைப் புடிச்சுப்போச்சாம், பொண்ணு சரின்னுடுச்சாம்!"

சிட்டிபாபு திரும்பிப் பார்த்தான். அப்பா எதிரே நின்று மாதுளம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அவரு இங்கதானே மாமா நிக்கறாரு? எப்ப ஃபோன் பண்ணாரு?"

"நீ அவங்க வீட்லேர்ந்து கிளம்பின உடனேடா! வந்ததும் வராததுமா, 'காபி வேணாம், கம்ப்யூட்டர் எங்க'ன்னு கேட்டியாமே. எங்க வீட்ல கம்ப்யூட்டரே இல்லன்னதும், வந்ததுக்குச் சும்மா போகக் கூடாதுன்னு மிக்சியைப் பிரிச்சு ரிப்பேர் பண்ணிக் கொடுத்தியாமே. மனுஷன் நெகிழ்ந்துபோய்ப் பேசறாரு. எல்லாம் சரி, பொண்ணு பாக்கப் போற எடத்துக்கு எதுக்குடா ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கிட்டுப் போன?"