வானொலி நிலையத்துக்கு ஒரு நேயர் தேவை

மனித குல வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: நம் பல்கலைக்கழக மாணவர் வானொலிக்கு முன், அதற்குப் பின்.

மைக்கு என்று பெயரெடுத்த மாணவன் எழுதிக்கொண்டிருந்த 'நிலைய வரலாறு' இப்படித்தான் தொடங்கியது. இரண்டாவது வாக்கியத்தை எழுதுவதற்குள் பதிவாளரின் கடிதம் வந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருக்கும் அறையில் வானொலி என்று ஏதோ நடப்பதாகக் கேள்வி. அதைக் கேட்கும் ஒரே ஒரு ஆளையாவது சனிக்கிழமைக்குள் காட்ட வேண்டும். தவறினால் அறை ஜெராக்ஸ் கடைக்குப் போய்விடும்.

"ஒரே ஒரு ஆளாம்! அவமானப்படுத்துறார்," என்றான் மைக்கு.

"யாரைக் காட்டப் போற?" என்று கேட்டாள் ப்யூஸ்.

மூன்றாம் ஆண்டு மாணவனான மைக்குதான் நிலையத் தலைவர். அந்தப் பதவிக்குப் போட்டியிட்டதும் அவன் ஒருவனே. ப்யூஸ் தொழில்நுட்பப் பொறுப்பாளர். அவள் தொட்ட இடத்தில் என்ன போகுமோ, அதுவே அவள் பெயராகிவிட்டது. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிய அந்த அறையில் மொத்த ஊழியர்களும் இவர்கள் இருவர்தான்.

முப்பத்திரண்டு வருடங்களாக நிலையத்தில் நேயர் விருப்பப் பாட்டும் அறிவிப்பும்தான் ஓடின. குடை காணவில்லை, சைக்கிள் சாவி கிடைத்தது, நூலகம் நாளை விடுமுறை. மைக்கு பதவியேற்ற அன்றே இரண்டையும் ஒழித்தான். "குடையைத் தேடுறதுக்கா அலைவரிசை?" என்று கேட்டுவிட்டு, காலையில் 'உலகப் பொருளாதாரம்: ஒரு மறுவாசிப்பு', மதியம் 'மௌனத்தின் தத்துவம்', மாலையில் 'மைக்குவுடன் ஒரு மாலை' என்று நிகழ்ச்சி நிரலை உயர்த்தினான். அது எட்ட முடியாத உயரத்துக்குப் போய்விட்டது.

புதன்கிழமை, ஃபோன் போட்டி வைத்தார்கள். நமது பல்கலைக்கழகத்தின் பெயர் என்ன? சரியாகச் சொல்பவருக்குப் பரிசு. அரை மணி நேரம் ஃபோன் அடிக்கவில்லை. தப்பாகச் சொன்னாலும் பரிசு என்றான். அப்போதும் அடிக்கவில்லை. கடைசியில் ஒரு அழைப்பு வந்தது.

"ஹலோ, என் வாஷிங் மெஷின் ரெடியாயிடுச்சா?"

மைக்கு அவரை விடவில்லை. பதினொரு நிமிடம் நேரலையில் பேசினான். முடிவில் அவர், "மெஷினை நாளைக்குள்ள தரலைன்னா போலீசுக்குப் போவேன்," என்றார்.

"இவரையே நேயர்னு காட்டிடலாமா?" என்றாள் ப்யூஸ்.

"அவர் போலீசோட வருவார், பரவாயில்லையா?"

வியாழன் மாலை நான்கு மணிக்கு மைக்குவுக்கு ஞானம் பிறந்தது. "நாளைக்கு இருக்கிற புள்ளியியல் எக்ஸாம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போச்சுன்னு அறிவிப்போம். யாராவது கேட்டிருந்தா சந்தோஷத்துல கூச்சல் போடுவான்ல? ஆளைப் பிடிச்சிடலாம். அஞ்சு மணிக்கு 'தவறுக்கு வருந்துகிறோம்' சொல்லிடுவோம்."

"அறிவிப்பு வாசிக்கிறது கேவலம்னு சொன்னவன் நீதானே?"

"இது அறிவிப்பு இல்ல. ஆய்வு."

கணீரென்ற குரலில் அறிவித்தான். ஜன்னலைத் திறந்து காதை வைத்துக்கொண்டான். வெளியே ஒரு காகம் கத்தியது. அவ்வளவுதான்.

ஐந்து மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது, சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிகிறதே என்று ப்யூஸ் ட்ரான்ஸ்மிட்டரை லேசாகத் தட்டினாள். விளக்கு அணைந்தது. புகை வந்தது.

"என்னடி பண்ணின?"

"தட்டினேன்."

"வருத்தம் தெரிவிக்கணுமே!"

"என்கிட்ட தெரிவி."

யாராவது ஒருவன் கேட்டுத் தொலைத்திருந்தால்? அவனுக்கு ஒரு வருடம் போய்விடும், கூடவே மைக்குவின் படிப்பும். ஹாஸ்டலுக்கு ஓடி முதல் அறைக் கதவைத் தட்டினான்.

"மச்சான், ரேடியோல சொன்னது தப்பு. நாளைக்கு எக்ஸாம் உண்டு!"

"எந்த ரேடியோ?"

"நம்ம யுனிவர்சிட்டி ரேடியோ."

"நமக்கு ரேடியோ இருக்கா? டேய், எல்லாரும் வாங்கடா, நமக்கு ரேடியோ இருக்காம்!"

மைக்குவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முப்பத்திரண்டு வருஷமா இருக்குடா! இருக்கான்னு கேக்குறியே, வெட்கமா இல்ல? இப்படிக் கேக்குறவனுக்கெல்லாம் எவன்டா சீட்டு குடுத்தான்?"

"கோவிச்சுக்காத. எக்ஸாம் உண்டுன்னுதான் டைம்டேபிள்லயே போட்டிருக்கே, அதைச் சொல்லவா ஓடி வந்த?"

நாற்பது அறைகளிலும் இதே உரையாடல். எட்டாவது அறைக்குப் பிறகு அவன் திட்டுவதைச் சுருக்கிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை, தேர்வுக் கூடம். முந்நூற்றுப் பன்னிரண்டு நாற்காலி, முந்நூற்றுப் பன்னிரண்டு தலை. மைக்கு இரண்டு முறை எண்ணினான்.

"சந்தோஷப்படு. ஒருத்தனுக்கும் வருஷம் போகல," என்றாள் பக்கத்து வரிசையிலிருந்த ப்யூஸ்.

"ஒருத்தனுக்காவது போயிருக்கலாம்," என்றான் மைக்கு.

பத்து மணிக்கு மணி அடித்தது. வினாத்தாள் வரவில்லை. பத்தரைக்கும் வரவில்லை. பதிவாளரே வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். தேர்வுப் பிரிவுக் கண்காணிப்பாளர் ஃபோனை எடுக்கவில்லையாம். வினாத்தாள் அறையின் சாவி அவரிடம்தானாம். ஆள் அனுப்பி அவரைக் கூட்டிவந்தார்கள். லுங்கியோடு, கையில் பெயிண்ட் பிரஷோடு வந்தார்.

"என்னய்யா இது? எக்ஸாம் அன்னைக்கு வீட்டுக்கு வெள்ளையடிச்சிட்டு இருக்கீங்களா?"

"வீட்டுக்கு இல்ல சார், வாசல் கேட்டுக்குத்தான் பெயிண்ட். எக்ஸாம்தான் திங்கட்கிழமைக்குப் போயிடுச்சே?"

"யார் சொன்னது?"

"நம்ம ரேடியோ சார். நம்ம ஆபீஸ் சர்க்குலர் என் கைக்கு வர மூணு நாள் ஆகும். ரேடியோன்னா உடனுக்குடன் சொல்லிடுவாங்க."

மைக்குவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நேயர்! உயிருள்ள, லுங்கி கட்டிய, சொன்னதை நம்புகிற நேயர்! கண்கள் கலங்க, பாதி எழுந்துவிட்டான்.

"அந்த ரேடியோவை நடத்துறவன் எவனோ, அவனை இன்னைக்கே டிஸ்மிஸ் பண்றேன்," என்றார் பதிவாளர்.

பாதி எழுந்தவன் பாதியிலேயே நின்றான். அதுதான் வினை. கூடத்தில் நின்றுகொண்டிருந்த மாணவன் அவன் மட்டும்தான்.

"தம்பி, ஏதோ சொல்ல வர்ற. யார் நடத்துறாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

நாற்பது அறைக்காரர்களும் மைக்குவைப் பார்த்தார்கள். எக்ஸாமை இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டுக் கொடுத்த புண்ணியவானைக் காட்டிக்கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. அத்தனை பேரும் கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ப்யூஸ் பேனா மூடியை மிகுந்த கவனத்துடன் ஆராய்ந்தாள்.

மைக்கு மெதுவாக, மிகப் பணிவாகக் கேட்டான்:

"நமக்கு ரேடியோ இருக்கா சார்?"

கண்காணிப்பாளரின் கையிலிருந்த பிரஷ் கீழே விழுந்தது. முகமெல்லாம் மலர, இரு கைகளையும் நீட்டிக்கொண்டு அவர் ஓடி வந்தார்.

"தம்பி, நீங்களா! இந்தக் குரல் எனக்குத் தெரியாதா? நான் உங்க பரம ரசிகன்!"