ஏழு தொட்டியும் ஊதா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நலம். நீ நலம் என்பதை உன் அண்ணனுக்கு வரும் போனிலிருந்து தெரிந்துகொள்கிறேன். எனக்குத்தான் பதினோரு மாதமாக மணி அடிக்கவில்லை. அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உன் பட்டாணி விஷயமாக எழுதுகிறேன்.

கடைசியாக வந்தபோது ஒரு பொட்டலம் விதை கொடுத்தாய். உன் ஆராய்ச்சி நிலையத்தில் ஊதாப் பூச் செடியையும் வெள்ளைப் பூச் செடியையும் கலந்து எடுத்தது. “முளைக்கிறதெல்லாம் ஊதாவாத்தான் பூக்கும்ப்பா. ஊதா ஓங்கு பண்பு, வெள்ளை ஒடுங்கு பண்பு, உள்ளே பதுங்கியிருக்கும். அந்தச் செடியோட விதையைத் திரும்பப் போட்டா நாலுல ஒண்ணு வெள்ளையா வரும்” என்றாய். “முப்பத்துநாலு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவன்கிட்ட, காணாமப் போனது தானா திரும்பி வரும்னு கதை விடாதே” என்றேன். “போட்டுப் பாருங்க. அதுவரைக்கும் உங்ககிட்ட பேச ஒண்ணுமில்ல” என்று பையைத் தூக்கிக்கொண்டு போனவள்தான்.

போட்டேன். முதல் தலைமுறை ஊதா, ஒப்புக்கொள்கிறேன். அதன் விதையில் நாலைப் பொறுக்கி, பால்கனியில் நாலு தொட்டியில் நட்டேன். நாலில் ஒன்று என்று நீ சொன்னதால் நாலாவது தொட்டியில் ‘வெள்ளை’ என்று பெயிண்டால் எழுதி, நல்ல வெயிலில் வைத்து, மற்ற மூன்றுக்கும் போடாத உரத்தையும் அதற்குப் போட்டேன். நாலும் ஊதா. இருப்பதிலேயே அடர்ந்த ஊதா அந்த நாலாவதுதான். எதிர்வீட்டுத் தையற்காரர் பார்த்துவிட்டு, “சார், ஆணோ பொண்ணோ பாதிக்குப் பாதின்னு டாக்டர் சொன்னாரு. எனக்கு வரிசையா நாலும் பொண்ணு. இன்னும் நிறைய நடுங்க” என்றார். காஜா எடுப்பவருக்கு மரபணு என்ன தெரியும்? இருந்தாலும் இன்னும் நாலு நட்டேன். ஒன்றை மாடிவீட்டுப் பூனை புரட்டிப் போட்டது. “அதுதான் சார் வெள்ளையா இருந்திருக்கும்” என்று தையற்காரர் துக்கம் விசாரித்தார். மீதி மூன்றும் ஊதா.

நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்தேன். ஓங்கு பண்பு யாராவது ஒருவரிடமிருந்து வந்தாலே வெளியே தெரியுமாம்; ஒடுங்கு பண்பு தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வந்தால்தான் முகம் காட்டுமாம். உன் பிடிவாதம் எந்த வகை? உன் அம்மா கடைசிவரை என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளும் உள்ளே வைத்திருந்தாளோ என்று இப்போதுதான் சந்தேகம் வருகிறது. கேட்கவும் முடியாது.

ஆகவே ஜெயித்தது நான். மன்னிப்புக் கேட்க நீ நேரில் வர வேண்டியதில்லை. வந்தால் உன் அறை பெருக்கித்தான் இருக்கிறது; தினமும் பெருக்குகிறேன், தூசிக்காக.

இந்தப் பட்டாணி தவிர நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும் என்று வாழ்த்தும்,
அப்பா

பின்குறிப்பு: மொட்டைமாடியில் இன்னும் பதினாறு தொட்டி இருப்பதை எழுதவில்லை. செவ்வாய்க்கிழமையோடு அவை எல்லாம் பூத்துவிட்டன: பதின்மூன்று ஊதா, மூன்று பால் வெள்ளை. நான் தப்பாகப் பேசினால் உன்னால் பொறுக்க முடியாது, சண்டை போடவாவது ஓடி வருவாய் என்றுதான் மறைத்தேன். எழுதி முடித்த பிறகு மனசு கேட்கவில்லை. நீ சொன்னது சரி. ஆனால் பதினாறுக்கு நாலு வந்திருக்க வேண்டும். குறைகிற அந்த ஒன்றுக்கு நீ நேரில் வந்துதான் பதில் சொல்ல வேண்டும்.